ராணி, வேலையில்லை

திங்கட்கிழமை முதல் ஒரே பெட்டிதான் என்றது சுற்றறிக்கை.
நூலுக்கு ஒன்று, இதழுக்கு ஒன்று, ஆய்வேட்டுக்கு ஒன்று என
நாலைந்து வாசல் இருந்த இடத்தில்
வெள்ளையாய் ஒரு கட்டம், ஓரத்தில் பூதக்கண்ணாடி.

பெடோங் கல்லூரி நூலகத்தில்
குளிரூட்டி சொட்டும் மூலையில் என் மேசை.
இரண்டு சந்தாவை நிறுத்திவிட்டார்கள்.
மண்ணியல் இதழ் இனி இல்லை.
பொறியியல் பாதி திறக்கும்,
மீதிப் பாதியில் பூட்டுப் படம்.
"காசு அவ்வளவுதான், குணாளினி" என்றார் புவான் நோர்ஹஸ்லின்,
பட்ஜெட் தாளை மடித்து
ஆடும் மேசைக்கால் ஒன்றுக்குக் கொடுத்தபடி.

நல்லதும் ஒன்று நடந்தது, சொல்லவேண்டும்.
பழைய பட்டியலில் 'பல்வகை' என்ற தலைப்பின் கீழ்
பதினெட்டு வருடம் படுத்துக் கிடந்தவை
எழுந்து உட்கார்ந்தன.
தோட்டத்து ஆபீஸை மூடியபோது
மைலோ அட்டைப்பெட்டி மூன்றில் வந்த காகிதம்
ஸ்கேன் ஆகி, இனி எழுத்தெழுத்தாய்த் தேடலாம்.
நானே முதலில் தேடினேன். பெரட்டு: ஒன்றுமில்லை.
தீம்பார்:
'தீம் பார்க்கா தேடுகிறீர்கள்?' என்று கேட்டது.

புதன்கிழமை அஸ்ருல் வந்தான்.
செம்பனைத் துறை, நான்காம் தவணை, காலணியில் செம்மண்.
அறுபத்தேழில் எத்தனை நாள் பெய்தது என்பது அவன் ஆய்வு.
மழை என்று தேடினால் நாலே நாள் வருகிறதாம்.
"அது இருக்கட்டும் புவான், இந்த ராணி யார்?"

திரையைத் திருப்பினான்.
மூன்றாவது டிவிசன் பதிவேடு,
கிராணி கையெழுத்து, நீல மசி, சாய்ந்த ஆங்கிலம்.
பக்கத்திலேயே எந்திரத்தின் வாசிப்பு:

மே 11. ராணி. வேலையில்லை.
மே 12. ராணி. வேலையில்லை.
மே 19. ராணி, காலையில் மட்டும். வேலையில்லை.
ஜூன் 3. பெரிய ராணி.

நூற்றுப் பன்னிரண்டு நாள்.
"இத்தனை நாள் வராத ஆளை ஏன் வைத்திருந்தார்கள்?
நோயாளியா? மேனேஜருக்கு வேண்டியவரா?"
வலப்பக்கம் 'தொடர்புடைய நபர்கள்' என்று
அவளுக்கு ஒரு வட்டம்கூடப் போட்டு வைத்திருந்தது,
முகம் மட்டும் இல்லை.

எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.
மழைக்கான ஆங்கிலச் சொல்லில்
கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறி நின்றிருந்தன.
அஸ்ருல் சிரித்த சிரிப்பில்
மூலையில் தூங்கிய சியூ லிங் எழுந்துவிட்டாள்.

நானும் சிரித்தேன்.
பிறகு அடுத்த பத்தியைப் பார்த்தேன்.
ஆள் 46. கூலி: ஒரு கோடு.
ஆள் 46. கூலி: ஒரு கோடு.
பட்டை நனைந்தால் பால் வெட்டக்கூடாது,
வெட்டாத நாளுக்குக் காசு கிடையாது.
மூன்று பெட்டிக் காகிதத்தில்
துரையின் நாய்க்குப் பெயர் இருக்கிறது, மருந்துச் செலவோடு.
நாற்பத்தாறு பேரில் ஒரு பெயர் இல்லை,
ராணியைத் தவிர.

திருத்தம் என்று ஒரு பொத்தான் உண்டு,
ஒவ்வொன்றாகத்தான் அழுத்தவேண்டும்.
மொத்தமாய் மாற்றித் தரச் சொல்லி
கோலாலம்பூருக்கு எழுதினேன்: பதினான்கு வேலைநாள்.
உட்கார்ந்தேன்.
ராணியை எடு. மழையைப் போடு. சேமி.
ராணியை எடு.
ஐந்தரைக்கு ஆகஸ்ட் முடிந்தது.
செப்டம்பர் இரண்டில் கை வைத்தபோது
குனோங் ஜெராய் பக்கம் இடித்தது,
விளக்கு போயிற்று, திரை போயிற்று,
சைக்கிள் கொட்டகைத் தகரத்தில் சடசடவென்று
அது வந்து நின்றது.

அஸ்ருல் கைப்பேசி வெளிச்சத்தில்
மழை நாலோடு ராணியைக் கூட்டி
நூற்றுப் பதினாறு என்று எழுதிக்கொண்டான்.
அவன் வேலை முடிந்தது.

மறுநாள் திறந்து பார்த்தேன்.
ஆகஸ்ட் வரை மழை.
செப்டம்பரிலிருந்து அவள்தான்,
டிசம்பர் கடைசி வரை
வேலைக்கு வரவில்லை.